கண்டுபிடிக்கும்படி மறைத்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டித் திருவாரூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் காப்பியமும் கவிதையும் பேசி வந்த இந்த அவையில், இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் வாரப் புதிர்கள். குறுக்கெழுத்துக்கும் தருக்கப் புதிருக்கும் கவிஞர் அவையில் என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். பிற்பகல் உறக்கத்தை விரட்டப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இடம்பெறும் பொழுதுபோக்கு என்றே புதிரைப் பலரும் கருதுகிறோம். அக்கருத்தை இன்று சற்றே மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

ஒன்றை மறைப்பது யாராலும் இயலும். பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் குளத்தில் எறிந்துவிட்டால் பொருள் மறைந்துவிடும். தேடுபவன் தன் அறிவின் துணைகொண்டு திறக்கும்படி மறைப்பதுதான் அரிது. புதிர் அமைப்பவன் தீர்ப்பவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறான்: 'விடை உண்டு, அது ஒன்றே, அதை அடைய வேண்டிய அனைத்தையும் உன் முன் வைத்திருக்கிறேன்.' இந்த வாக்கைக் காப்பதே புதிரின் அறம். நம் மரபில் இந்த அறம் எங்கே இருந்தது, எப்போது தவறியது, இன்று நமக்கு அதனால் என்ன பயன் என்பனவே என் உரையின் எல்லை.

புதிர் நமக்கு இரவல் சரக்கு அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றை எண்ணும் வரிசையிலேயே பிசியையும் வைத்து எண்ணுகிறார். பின்னாளில் நாம் விடுகதை என்று வழங்குவதே பிசி. அதனை அவர் இருவகைப்படுத்துகிறார். ஒன்று உவமையின் வழியே பொருளைக் குறிப்பது. மற்றொன்று, பொருளிடத்துத் தோன்றும் ஓர் இயல்பைச் சொல்லி, அதனைக் கொண்டு பொருளைத் துணியச் செய்வது. குறிப்பிலிருந்து விடைக்குச் செல்லும் வழி இருவகையிலும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். களத்து மேட்டிலும் திண்ணையிலும் பாட்டிமார் போட்ட விடுகதைகள் இந்த இலக்கணத்துக்கு இன்றும் அடங்குகின்றன.

பின்னர்ச் சோழர் காலத்தில் எழுந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவிகளை முறைப்படுத்தியது. கோமூத்திரி, மாலைமாற்று, வினாவுத்தரம், கரந்துறைச் செய்யுள், சுழிகுளம், அக்கரச்சுதகம் என அந்த வரிசை நீளும். அவற்றுள் சருப்பதோபத்திரம் என்பதை மட்டும் சற்று நினைத்துப் பாருங்கள். எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். அவற்றில் எழுத்துகளை நிரப்பினால் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அதே செய்யுள் வர வேண்டும். கட்டம் போட்டு, குறுக்கும் நெடுக்கும் சொல் ஓட விடுவது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று இதைக் கண்டவர் சொல்ல மாட்டார்.

இந்தக் கலையின் சிறந்த சான்றுகள் சில நம் காவிரிக் கரையிலேயே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் சீகாழியில் திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் ஒவ்வொரு பாடலும் முடிவிலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாமல் நிற்கிறது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏறியும் இறங்கியும் வரும் எழுகூற்றிருக்கையைச் சம்பந்தர் சீகாழிக்குப் பாடினார். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதனுக்குப் பாடினார். எழுகூற்றிருக்கையைப் படிப்படியாக எழுதினால் அது தேரின் வடிவம் பெறும். ஆழித்தேரைக் கண்டு வளர்ந்த திருவாரூரார்க்கு அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை.

தேரைச் சொன்னதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. அத்தனை பெரிய தேரை வீதி முனையில் திருப்புவது சக்கரத்தடியில் இடப்படும் முட்டுக்கட்டை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்றே பொருள் கொள்கிறோம். தேரோட்டத்தில் அது தடுக்கவும் செய்யும், திருப்பவும் செய்யும். புதிரில் தரப்படும் குறிப்பும் அத்தகையதே. முதலில் தடுக்கும். சரியான கோணத்தில் இட்டால் எண்ணத்தைத் திருப்பி, விடை இருக்கும் வீதிக்குள் கொண்டு சேர்க்கும்.

இவ்வூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், தம் கீர்த்தனைகள் பலவற்றில் இராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தார். சில இடங்களில் ஒரு சொல்லின் இறுதியும் அடுத்த சொல்லின் தொடக்கமும் இணையும் சந்தியில் அப்பெயர் ஒளிந்திருக்கும். பாடுவோர் பொருள் நோக்கிப் பிரிக்கும்போது ஒன்றாகவும், ஓசை நோக்கிச் சேர்க்கும்போது மற்றொன்றாகவும் கேட்கும். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகமோ, பக்கத்து நாகையில் சத்திரத்துச் சோறு தாமதமானதற்கு வசைபாடி, பாடிய அதே வெண்பாவையே வாழ்த்தாகவும் பொருள் விரித்தார் என்பது வழிவழிச் செய்தி. ஒரே எழுத்து வரிசைக்கு இரண்டு வாசிப்பு என்னும் வித்தை இந்த மண்ணுக்குப் பழக்கமானதே.

இனி வாரப் புதிருக்கு வருவோம். 1913 டிசம்பர் 21 அன்று, லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்தர் வின் என்பவர், 'நியூயார்க் வேர்ல்ட்' நாளேட்டின் ஞாயிறு இணைப்பில் சாய்சதுர வடிவில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். அதுவே இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம் என்பர். வாரத்துக்கு ஒன்று என்ற முறையும் அந்த ஞாயிறு இணைப்போடு வந்ததுதான். தமிழில் இதை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் ஆனந்த விகடனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1928இல் எஸ். எஸ். வாசன் அவ்விதழை வாங்கிய பின், 1930களில் பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டி அதில் இடம்பெற்றது. வாசகர் பெருகினர். பிற இதழ்களும் பின்தொடர்ந்தன. கூடவே, 'இது அறிவுப் போட்டியா, சூதாட்டமா?' என்ற கேள்வியும் எழுந்தது.

அந்தக் கேள்வியின் உட்பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எடுத்துக்காட்டு நான் அமைத்ததே. மூன்று கட்டங்கள். முதலில் 'ப', கடைசியில் 'ம்'. நடுவெழுத்தை நிரப்ப வேண்டும். குறிப்பு: 'குடும்பம் நிமிர்ந்து நிற்க இது வேண்டும்.' கடை வைத்திருப்பவர் 'பணம்' என்பார். உடற்பயிற்சி செய்பவர் 'பலம்' என்பார். பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கும் தந்தையார் 'பயம்' என்றுகூடச் சொல்வார். மூன்றும் பொருந்தும். எது சரி என்பது முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த உறைக்குள் இருக்கிறது. இத்தகைய கட்டங்கள் பத்து இருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் பொருந்துமானால், நிரப்பும் வழிகள் 1024. அத்தனையையும் நிரப்பி அனுப்ப வசதியுள்ளவன் வெல்வான். ஒரே ஒரு தாள் அனுப்பியவன் தோற்பான். ஒவ்வொரு தாளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டென்றால், இங்கே விலைபோவது அறிவு அன்று, நம்பிக்கை. தீர்ப்பவனுக்குக் கொடுத்த வாக்கு தவறிய இடம் இதுதான்.

நாடெங்கும் இத்தகைய போட்டிகள் பெருகவே, 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மாதத்தில் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளை அது தடை செய்தது. அதற்கு உட்பட்ட போட்டிகளுக்கும் உரிமம் வேண்டும். வரும் விடைத்தாள்கள் 2000க்கு மேற்படக் கூடாது. 1957இல் இச்சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே இது கட்டுப்படுத்தும் என்றும், வெற்றி பெரிதும் திறமையைச் சார்ந்து நிற்கும் போட்டிகளுக்கு இது பொருந்தாது என்றும் பொருள் கொண்டது. நீதிமன்றம் வகுத்த இந்த வேறுபாட்டைப் புதிர் அமைப்பவர் ஒவ்வொருவரும் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பவன் சிந்தித்து அடையக்கூடிய விடைதான் விடை. அமைத்தவன் மனத்தில் இருப்பதை ஊகித்து அடைய வேண்டியது விடையாகாது.

அப்படியானால் ஒரே விடைக்குக் கொண்டு செல்லும் கட்டுக்கோப்பை எங்கிருந்து பெறுவது? தமிழில் எழுதுவோர்க்கு அதைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. எழுத்ததிகாரமே போதும்.

தமிழெழுத்துகள் 247. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்தால், ஆங்கிலப் புதிரின் 26 எழுத்துகளைவிட இது ஏறத்தாழப் பத்து மடங்கு. வெறுங்கணக்கில் பார்த்தால் தமிழ்க் குறுக்கெழுத்தைத் தீர்க்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் இலக்கணம் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறது. 'திருவாரூர்' என்ற பெயரைக் கட்டங்களில் எழுதுங்கள்: தி, ரு, வா, ரூ, ர் என ஐந்து. இவற்றிலிருந்து கீழ்நோக்கிப் புதிய சொற்களைத் தொடங்க முயலுங்கள். 'ர்' புள்ளியெழுத்து, எந்தச் சொல்லும் அதில் தொடங்காது. ரகரம் மொழிமுதல் எழுத்து அன்று. ஆகவே 'ரு', 'ரூ' இரண்டும் விலகும். 'ரூபாய்' போன்ற சொற்கள் வழக்கில் வந்துவிட்டன என்றாலும் பழைய இலக்கணம் அவற்றுக்கு முன்னால் ஓர் உகரத்தைச் சேர்த்தே உள்ளே விடும். எஞ்சியவை 'தி', 'வா' இரண்டே. கட்டம் வரைபவன் கறுப்புச் சதுரங்களை எங்கே வைப்பது என்பதைப் பாதி முடிவு செய்வது மொழிமுதல் எழுத்து விதியாகும்.

சொல்லின் இறுதிக்கும் அப்படியே விதி உண்டு. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் ஆறும் சொல்லுக்கு இறுதியாகா. சொல்லின் நடுவிலோ மெய்ம்மயக்கம் காவல் நிற்கிறது. ஒரு கட்டத்தில் 'க்' விழுந்துவிட்டால் தமிழ்ச் சொல்லில் அடுத்த கட்டம் ககர வரிசைதான். 247 வாய்ப்புகள் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். ச், த், ப் ஆகியவற்றுக்கும் அதே விதி. 'பக்தி', 'சக்தி' போன்ற வடசொற்கள் விலக்கு. அவற்றைப் பயன்படுத்தும் புதிராசிரியர் தம் வாசகர் அந்த விலக்கை அறிவார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த நூற்பாக்கள், கையில் பென்சிலோடு கட்டத்தின் முன் அமரும்போது உயிர் பெறுகின்றன. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

அடுத்து, குறிப்பு எழுதும் கலை. ஆங்கிலத்தில் மறைபொருள் குறுக்கெழுத்து என்றொரு வகை வளர்ந்தது. அதில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றொன்று விடையின் எழுத்துகளைக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் போய்ச் சந்திக்க வேண்டும். வேண்டாத சொல் ஒன்றும் இருக்கலாகாது. சிமெனீஸ் என்னும் புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்னட், 1966இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய நேர்மை விதிகளை விரிவாக வகுத்தார். இவ்வகைப் புதிர்கள் தமிழிலும் எழுதப்பட்டு வருகின்றன. இவற்றின் உத்திகள் பலவற்றுக்கு நம் அணியிலக்கணத்தில் பெயரே இருக்கிறது என்பதை நான்கு குறிப்புகளால் காட்ட விரும்புகிறேன். நான்கையும் இந்த அவைக்கென்றே அமைத்தேன்.

முதற்குறிப்பு: 'கமலாவோடு தாளக்கட்டுச் சேர்ந்தால் ஆரூர்த் திருக்குளம் (6)'. தாளக்கட்டு என்பது லயம். கமலாவும் லயமும் சேர்ந்தால் கமலாலயம். எழுத்தெண்ணிக்கை ஆறு. கமலம், ஆலயம் என்பதே அப்பெயரின் உண்மைப் பிரிப்பு. புதிர் அதைக் கமலா, லயம் என்று வேறிடத்தில் வெட்டுகிறது. சொல்லை வேறாகப் பிரித்து வேறு பொருள் காட்டுவதைப் பிரிமொழிச் சிலேடை என்றனர் நம் முன்னோர்.

இரண்டாவது: 'அக்கா விரித்ததில் ஒளிந்திருக்கும் ஆறு (3)'. 'ஆறு' என்றதும் மனம் எண்ணை நாடும். 'அக்கா விரித்தது' என்றதும் பாயை நினைக்கும். இரண்டையும் விட்டு எழுத்துகளை மட்டும் பார்த்தால், 'அக்கா விரித்தது' என்ற தொடருக்குள்ளேயே காவிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொன்றை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளின் சிற்றுருவம் இது.

மூன்றாவது: 'கால் ஒடிந்த வாடை கையில் எடுத்துத் தின்ன ஏற்றது (2)'. வாடைக் காற்றுக்குக் கால் ஏது? எழுத்துக்கு உண்டு; துணைக்கால். அதை நீக்கினால் 'வாடை' வடையாகும். நெடில் குறிலாகும் இவ்வித்தைக்கு மாத்திரைச் சுருக்கம் என்று பெயர்.

நான்காவது: 'நடுவே ஓரெழுத்தை இழந்த பயணம் செலவுக்கு உதவும் (3)'. 'பயணம்' என்ற சொல்லில் யகரம் போனால் பணம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ணகரம் போனால் பயம். சொல்விளையாட்டு மட்டும் இருந்திருந்தால் விடை இரண்டு. 'செலவுக்கு உதவும்' என்ற நேர்ப்பொருள் வந்து பயத்தை விலக்கிப் பணத்தை நிலைநிறுத்துகிறது. முன்பு நாம் பார்த்த பரிசுப் போட்டியிலும் இதே 'ப', இதே 'ம்', இதே நடுக்கட்டம். அங்கே அதிர்ஷ்டம் முடிவு செய்தது. இங்கே குறிப்பு முடிவு செய்கிறது. எழுத்தை நீக்கி வேறு பொருள் காணும் இந்த முறை அக்கரச்சுதகத்தின் பாற்படும்.

ஆக, உத்திகள் நம்மிடம் முன்பே இருந்தன. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சித்திரகவிகளுள் பெரும்பாலானவற்றை உரையாசிரியர் துணையின்றி நாம் அவிழ்க்க முடிவதில்லை. அவை புலவரின் ஆற்றலைக் காட்ட எழுந்தவை. வியந்து நிற்பதே அவற்றின்முன் நமக்கு வாய்த்த வேலை. வாரப் புதிர் தீர்ப்பவனைத் தனக்கு நிகரானவனாக எண்ணி எழுதப்படுகிறது. அவன் தோற்றால் அமைத்தவனுக்கு மகிழ்ச்சி இல்லை. திங்கட்கிழமை முழுவதும் திணறி, செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது விடை தோன்றி அவன் சிரிக்க வேண்டும் என்பதே அமைத்தவனின் ஆசை.

சொற்புதிரை விட்டுத் தருக்கப் புதிருக்கு வந்தால், இங்கும் நம் மாவட்டம் பின்தங்கியதில்லை. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தான் சிவபெருமான் என்பது தலவரலாறு. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலேயே சுளைகளை எண்ண வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். அது எவ்வளவு துல்லியம் என்பதைப் பலாவிடமே விட்டுவிடலாம். வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதைத் துணிய முடியும் என்ற நம்பிக்கைதான் நமக்கு முக்கியம். தொல்காப்பியரின் பிசியிலும் இருப்பது அதே நம்பிக்கை.

தருக்கப் புதிரின் நேர்மையை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். சாமிநாதன், பாலு, சேது மூவரும் ஒரே குழுவினர். ஒருவர் நாகசுரம், ஒருவர் தவில், ஒருவர் தாளம். நான்கு செய்திகள் தரப்படுகின்றன. தவில்காரரின் தங்கையைப் பாலு மணந்திருக்கிறார். நாகசுரக்காரருக்கு உடன்பிறந்தார் எவரும் இல்லை. சேதுவின் தம்பி பள்ளியில் படிக்கிறான். தவில்காரர் சேதுவைவிட வயதில் மூத்தவர். யார் யார் எதை வாசிக்கிறார்?

சேதுவுக்குத் தம்பி உண்டு. ஆகவே அவர் நாகசுரம் அல்லர். தவில்காரர் சேதுவைவிட மூத்தவர் என்பதால் தவிலும் அல்லர். எஞ்சியது தாளம். பாலு தவில்காரரின் மைத்துனர். எனவே அவரே தவில்காரராக இருக்க முடியாது. அவருக்கு நாகசுரம், சாமிநாதனுக்குத் தவில். வேறு விடைக்கு இடமே இல்லை. இப்போது நான்காம் செய்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். மூன்று விடைகள் முளைக்கும். முதற்செய்தியை எடுத்தால் இரண்டு. மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் இரண்டு. நான்கும் வேண்டும், ஐந்தாவது வேண்டாம். வெண்பாவில் ஒரு சீரை எடுத்தாலும் தளை தட்டும், ஒன்றைச் சேர்த்தாலும் தட்டும் என்பதை அறிந்த கவிஞர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

சுடோகு என்னும் எண்கட்டம் 1979இல் அமெரிக்க இதழொன்றில் தோன்றி, 1984இல் ஜப்பானுக்குச் சென்று பெயர் பெற்று, 2004இல் இலண்டன் 'டைம்ஸ்' வழியே உலகெங்கும் பரவியது. அதன் 81 கட்டங்களில் குறைந்தது எத்தனை எண்கள் தரப்பட்டால் விடை ஒன்றாக இருக்கும் என்ற கேள்விக்கு, 17 என்று 2012இல் கணிப்பொறியின் துணையோடு நிறுவினர். பதினாறு எண்களைத் தந்து ஒரே விடை கேட்கும் சுடோகு இருக்கவே முடியாது. எவ்வளவு குறைவாகச் சொல்லியும் வாக்கைக் காப்பாற்றலாம் என்பதற்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது. சொற்சிக்கனம் பேசும் நம் புதுக்கவிஞர்களும் அந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனுக்கும் பத்திரிகைப் புதிர் ஒன்றோடு தொடர்பு உண்டு. 1914 டிசம்பரில் 'ஸ்டிராண்டு' இதழில் வந்த ஒரு புதிரை, கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் அவருக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒரே வரிசையாக வீடுகள், ஒன்று முதல் எண்ணிடப்பட்டவை. ஒரு வீட்டுக்கு இடப்புற எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் எண் என்ன? விடை, 288 வீடுகளில் 204ஆம் வீடு. அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், இந்த ஒரு விடையோடு நில்லாமல், இத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் விடை தரும் தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தாராம். ஒரு வார இறுதிப் பொழுதுபோக்கு எந்த வாசலைத் திறக்கும் என்பது, திறக்கிற கையைப் பொறுத்தது.

கவிஞர் பெருமக்களே, இனி உங்களுக்குரிய கேள்வி. புதிர் தீர்ந்தவுடன் முடிந்துவிடுகிறது. கவிதை விளங்கிய பிறகும் நிற்கிறது. பிறகு புதிரால் கவிதைக்கு என்ன ஆகும்? புதிரைக் கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. மாலைமாற்றுப் பதிகம் இன்றும் ஓதப்படுவது அதில் உள்ள பக்தியால். திருப்பிப் படிக்கலாம் என்பதால் மட்டும் அன்று. ஆனால் புதுக்கவிதை புரியவில்லை என்ற குற்றச்சாட்டு இந்த அவையில் பலமுறை எழுந்திருக்கிறது. 'கவிதை புரிய வேண்டியதில்லை' என்ற மறுமொழியும் எழுந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்காடுமன்றமே நடத்தியிருக்கிறோம். புதிர் அமைத்துப் பழகியவன் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருப்பான். வாசகனைத் தேட விடு. தேடுவதற்கு உரியதை அவன் கைக்கெட்டும் இடத்தில் வை. கவிதைக்கு விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் உள்ளே செல்ல ஒரு வாசலேனும் இருந்தாக வேண்டும். வாசலே வைக்காமல் சுவர் எழுப்பிவிட்டு, நுழையத் தெரியாதவன் என்று வாசகனை ஏசுவது முறையாகாது.

இரண்டாவது பயன், சொற்களைப் பற்றியது. நம் வயல்வெளிச் சொற்கள் நம் கண்முன்னே தேய்ந்து வருகின்றன. நாற்றங்கால், தாளடி, மதகு, கருக்காய், குறுணி, பதக்கு ஆகியவை பாட்டனுக்கு நாள்தோறும் புழங்கிய சொற்கள். பேரனுக்கு அகராதிச் சொற்கள். படி கணக்கில் அளந்த காலம் போய்க் கிலோ கணக்கு வந்தபின் மரக்காலும் குறுணியும் பரண் ஏறிவிட்டன. 'இரண்டு குறுணி சேர்ந்தது (4)' என்று ஒரு குறிப்பை வாரப் புதிரில் வைத்துப் பாருங்கள். பேரன் பென்சிலோடு பாட்டனிடம் போவான். 'பதக்கு' என்பதோடு பாட்டன் நிறுத்த மாட்டார். மரக்கால், தூணி, கலம் என்று கணக்கு விரியும். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்பதற்கு 'லாபம்' என்று எண்ணத் தொடங்குவதும் வரும். கட்டம் நான்கு எழுத்தில் நிரம்பிவிடும். பேச்சு ஒரு மாலைப் பொழுது நீளும். சொற்களைக் காப்பாற்ற மாநாட்டுத் தீர்மானங்கள் போட்டுப் பார்த்துவிட்டோம். வாரத்துக்கு ஒரு சொல்லைத் திண்ணைக்குக் கொண்டுவரும் இந்தச் சிறு வழியையும் முயன்று பார்ப்போமே.

'வாரம்' என்பதிலும் பொருள் இருக்கிறது. இன்று கைப்பேசியில் தேடினால் பல கேள்விகளுக்கு நொடியில் விடை கிடைக்கிறது. விடை கிடைக்கிறது, தேடிய அனுபவம் கிடைப்பதில்லை. ஏழு நாள் ஒரு கேள்வியை மனத்தில் சுமந்து திரிவது ஒரு பயிற்சி. பேருந்தில், கடைத்தெருவில், கமலாலயக் கரையில் உலாவும்போது அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டப் பொழுது கொடுக்கும் நாட்டினர்க்கு இதை விளக்க வேண்டுமா?

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வாரம் ஒரு புதிர், நாம் கூடும் இடத்தின் அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். உறுப்பினர்கள் முறை வைத்து அமைக்கட்டும். ஒரு வாரம் சொற்புதிர், மறு வாரம் தருக்கப் புதிர். வெளியிடுமுன் வேறு இருவர் அதைத் தீர்த்துப் பார்க்க வேண்டும். இருவரும் வெவ்வேறு விடை சொன்னால் புதிர் அமைத்தவரிடமே திரும்பிப் போக வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது; பரிசு கொடுப்பதானால் ஒரு நல்ல நூல் போதும். அடுத்த வாரம் விடையை மட்டும் ஒட்டாமல், விடைக்குச் செல்லும் வழியையும் எழுதி ஒட்ட வேண்டும். அத்தனைக்கும் மேலாக, அமைத்தவர் எதிர்பாராத ஒரு விடையைப் பள்ளி மாணவி ஒருத்தி கொண்டுவந்து, அது குறிப்புக்கு முழுதும் பொருந்துமானால், அவ்விடையையும் ஏற்று அவள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். முத்திரையிட்ட உறையின் அதிகாரம் நம் வட்டத்துக்கு வேண்டாம்.

உரையை முடிக்குமுன், பலகையில் இடம்பெற வேண்டிய முதற்குறிப்பை இங்கேயே தந்துவிடுகிறேன்: 'அம்ம தகுமா உள்ளே நீரை அடைத்து வைப்பது (3)'. இதன் விடையை நான் சொல்லப் போவதில்லை. விடையாகும் சொல்லை இந்த உரையிலேயே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆகவே என் வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.